குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒரு கழுதை

பள்ளிமுனை,
மன்னார்.
18.01.2025

அன்பு மருமகள் டிலோஜினிக்கு,

லோறன்ஸ் மாமா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் உன் மாமியும் சுகம். மாமியின் முழங்கால் மட்டும் மழைக்காலம் முடியும்வரை முறைப்பாடு சொல்லும். நான்தான் எண்ணெய் போட்டுத் தேய்த்து வருகிறேன். தானே தேய்ப்பதாக அவள் சொன்னால் நம்பாதே. பேராதனைக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு திரிகிறாயா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருமுன்பே, "சரி மாமா, வகுப்புத் தொடங்குது, வைக்கிறன்" என்று விடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது.

சரி, கழுதைகள் பற்றிய அறிக்கை. இருட்டில் வாகனக்காரருக்குத் தெரியட்டும் என்று செப்டெம்பரில் நீங்கள் கம்பஸ் பிள்ளைகள் வந்து கழுத்தில் மினுங்குகிற பட்டியும் இலக்கமும் போட்டுவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து நான்தான் மன்னார்ப் பொறுப்பாளர். மாதத்துக்கு ஒருமுறை எங்கே நின்றன, என்ன தின்றன என்று எழுதினால் போதும் என்றாய். நான் அதோடு நிற்கிற ஆளா? இப்போது பள்ளிமுனையில் என்னைக் கேட்காமல் ஒரு கழுதை தும்முவதில்லை.

ஏழாம் இலக்கத்துக்கு றெஜினா என்று பெயர் வைத்திருக்கிறேன். ராணிதான் அது. போன கிழமை சந்தியில் ஒரு லொறி வந்தது. றெஜினா வீதி நடுவில் ஏறி நின்று, பொலிஸ்காரன் கை காட்டுகிறமாதிரி முன்னங்காலைத் தூக்கியது. லொறி நின்றது. மற்றக் கழுதைகள் எல்லாம் வரிசையாகக் கடந்தன. கடைசிக் கழுதை போனபிறகு காலை இறக்கியது. அங்கு நின்ற உண்மையான பொலிஸ்காரன் அதற்குச் சலூட் அடித்தான்.

இன்னொன்று. என் மருமகள் பெரிய மிருக டொக்டர் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பாப்பாமோட்டையிலிருந்து சிவக்கொழுந்து வயிறு ஊதின ஒரு ஆட்டைக் கொண்டுவந்தார். உன் பெயரைச் சொல்லி இஞ்சியும் பெருங்காயமும் கரைத்துப் பருக்கினேன். ஆடு இப்போது மான் மாதிரி ஓடித் திரிகிறது. நன்றியை உனக்குத் தெரிவிக்கச் சொன்னார்.

நன்றாகச் சாப்பிடு. மாமி கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், ஆள் வந்தால் அனுப்புவோம்.

அன்பு மாமா,
லோறன்ஸ்

*

பேராதனை.
27.01.2025

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் சுகம். குளிருக்குப் பழகிவிட்டேன். மாமியின் முழங்காலை ஒருக்கா ஆஸ்பத்திரியில் காட்டுங்கோ.

மாமா, நான் டொக்டர் இல்லை. மிருக வைத்தியரும் இல்லை. சிவக்கொழுந்து ஐயாவின் ஆடு பிழைத்தது ஆட்டின் அதிர்ஷ்டம். அடுத்த முறை யாராவது வந்தால் தயவுசெய்து மிருக வைத்தியரிடம் அனுப்புங்கோ.

நான் விலங்கியல் படிக்கிறவள். நோய் வந்த மிருகத்துக்கு மருந்து கொடுப்பது வைத்தியரின் வேலை. ஒரு மிருகம் எப்படி வாழ வேண்டியது, இப்போது எப்படி வாழ்கிறது, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. கழுதைகள் திமிரில் வீதியில் படுக்கின்றன என்று மன்னாரில் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் கூடவே நடந்து பார்த்தோம். மழைக்குத் தரை ஈரம். தார் வீதி மட்டும்தான் காய்ந்தும் சூடாகவும் இருக்கிறது. கோடையில் தண்ணீருக்காக வீதியைக் கடக்கின்றன. இது தெரிந்தால்தான் தண்ணீர்த் தொட்டியை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று சொல்ல முடியும். அன்பு இருந்தால் போதும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அன்பாகக் கொடுத்த பேக்கரிப் பாண், அதைச் சுற்றியிருந்த பையோடு விட்டையில் வந்து கிடக்கிறது. அதையும் நாங்கள்தான் கிண்டிப் பார்க்கிறோம்.

உங்கள் கடிதத்திலிருந்து குறித்துக்கொண்டது: ஏழு முன்னால் நின்றது, அது நின்றதைப் பார்த்து மற்றவை கடந்தன. இது மிகவும் பிரயோசனம். முன்னங்காலையும் சலூட்டையும் விட்டுவிட்டேன்.

கண்டதை மட்டும் எழுதுங்கோ மாமா. அது போதும்.

அன்புடன்,
டிலோஜினி

*

பள்ளிமுனை.
15.02.2025

அன்பு மருமகளுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். மாமி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். அங்கிருந்த டொக்டருக்கு முழங்கால் பற்றி நான்தான் விளக்கம் கொடுத்தேன். பெடியன் கேட்டுக்கொண்டான்.

இப்போது பெரிய சேதி. கோயிலில் பங்குச்சபைக் கூட்டம் நடந்தது. போன வருசம் குருத்தோலை ஞாயிற்றுப் பவனியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். கிறகரி தன் லான்ட்மாஸ்ரரை, அந்த இரண்டு சில்லு உழவு மெசினை, பெட்டியோடு கொண்டுவந்து, இயேசு வேடம் போட்ட றெனால்டை அதில் ஏற்றினான். பேக்கரி முன்னால் அது புகை தள்ளி நின்றுவிட்டது. றெனால்ட் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினான். ஆண்டவரே தள்ளுகிறார் என்று சின்னப் பிள்ளைகள் சிரித்தன.

இந்த முறையும் கிறகரி எழும்பி, "என்ர லான்ட்மாஸ்ரர் இருக்கு, ஒருத்தரும் யோசியாதேங்கோ" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆண்டவர் எருசலேமுக்கு லான்ட்மாஸ்ரரிலயோ போனவர்? மன்னார் முழுக்கக் கழுதையை வச்சுக்கொண்டு டீசல் அடிக்கிறியள்!" என்றேன். சபை கைதட்டியது.

"கழுதையை ஆர் பிடிக்கிறது? நீரோ?" என்றான் கிறகரி.

"ஓம், நான்தான். என்ர மருமகள் கழுதையில பட்டம் எடுக்கிறவ. சும்மாவோ?"

பங்குச் சுவாமி மட்டும், "அந்த வாயில்லாப் பிராணிக்கு ஒரு கஷ்டமும் வராமல் பாத்துக்கொள்ளுவீங்களோ, லோறன்ஸ்?" என்று கேட்டார்.

"சுவாமி, எங்களைவிட அதுக்குத்தான் கூடச் சந்தோசம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

றெஜினாவைத் தெரிவு செய்தேன். முதுகில் சிலுவை அடையாளம் அதற்கு எவ்வளவு வடிவாக விழுந்திருக்கிறது! பிடிக்க ஒரு பாடும் படவில்லை. வெளியில் போய் நின்று, "றெஜினா, வா" என்றேன். வந்தது. இப்போது எங்கள் வீட்டு வளவில் நிற்கிறது. என்ன ஒழுக்கம்! கத்தாது, உதைக்காது, அசையாது. வைத்த இடத்தில் புனிதர் சொரூபம் மாதிரி நாள் முழுக்க நிற்கிறது. ஏப்ரல் பதின்மூன்றாம் திகதி பவனி. அதற்குள் நான் அதற்கு முழங்காலில் நிற்கவே பழக்கிவிடுவேன்.

நீ பெருமைப்படுவாய் என்று தெரியும்.

அன்பு மாமா,
லோறன்ஸ்

*

பேராதனை.
24.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

ஏழாம் இலக்கத்தை விட்டுவிடுங்கோ.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த இடம், அது அசையாமல் நிற்கிறது என்று நீங்கள் புழுகின இடம்தான். குதிரை பயந்தால் ஓடும். கழுதை பயந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நோவு இருந்தாலும் காட்டாது. ஆட்கள் அதைச் சாது என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் பிடிவாதம் என்று அடிப்பார்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற கழுதை நல்ல கழுதை இல்லை மாமா. அது நடந்து, மேய்ந்து, மண்ணில் புரண்டு, இன்னொரு கழுதையோடு கழுத்தோடு கழுத்து உரசிக்கொண்டு நிற்க வேண்டிய மிருகம்.

ஒரு பகல் பவனியில் நடப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த ஒரு பகலுக்காக இரண்டு மாதம் தனியே நிற்கிறது. ஏழு முன்னால் நின்ற பிறகுதான் மற்றவை வீதியைக் கடந்தன என்று போன கடிதத்துக்கு முந்தினதில் நீங்கள்தான் எழுதினீர்கள். இப்போது அவை எங்கே போகின்றன?

பவனிக்குக் கழுதை வேண்டுமென்றால், சின்ன வயதிலிருந்து ஆட்களோடு வளர்ந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கோ. ஏழு வீதியில் பிறந்தது. அதன் முதுகில் இதுவரை யாரும் ஏறியதில்லை.

மாமிக்கு என் அன்பு.

டிலோஜினி

*

பள்ளிமுனை.
12.03.2025

அன்பு மருமகளுக்கு,

தவசு காலம் தொடங்கிவிட்டது. நான் வெள்ளிக்கிழமைகளில் மீன் தவிர வேறொன்றும் தொடுவதில்லை. மற்ற நாட்களிலும் மீன்தான், அது வேறு கதை. மாமி சுகம்.

உன் கடிதம் வாசித்தேன். நீ அங்கிருந்து யோசிக்கிறபடியால் பயமாக இருக்கிறது. இங்கு வந்து பார்த்தால் அந்தக் கழுதையின் இடத்தில் நான் இருக்கக்கூடாதா என்று நினைப்பாய். அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறேன். அதற்குப் போக மனமில்லை. என் கவனிப்பில் எப்படிப் பருத்துவிட்டது தெரியுமா? வயிறு இரண்டு பக்கமும் தோணி மாதிரிப் பிதுங்கி நிற்கிறது. பார்க்கிறவன் எல்லாம், "லோறன்ஸ் அண்ணை, உதுக்கு என்ன தீனி போடுறியள்?" என்று கேட்கிறான். இரகசியம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதன் புகழ் மற்றக் கழுதைகளுக்கும் பரவிவிட்டது. பதினொன்று என்று இலக்கம் போட்ட ஒரு கழுதை காலையும் மாலையும் வேலிக்கு வெளியே வந்து நின்று ராணியைத் தரிசித்துவிட்டுப் போகிறது. மற்றவை பஸ் நிலையத்தடியில் படுத்துக் கிடக்கின்றன. ராணி இல்லாத நாடு அப்படித்தான் இருக்கும்.

றெனால்டுக்கு மட்டும் கொஞ்சம் கனம் கூடிவிட்டது. கலியாணம் முடித்த பிறகு இயேசு மாதிரியே இல்லை. தவசு காலத்தில் ஒழுங்காக உபவாசம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். கிறகரி கடைத் தெருவில் நின்று, "கழுதை வருமோ, கதைதான் வருமோ?" என்று கேட்டுத் திரிகிறான். வரட்டும் ஞாயிறு.

அன்பு மாமா,
லோறன்ஸ்

*

பள்ளிமுனை.
20.03.2025

மகள் டிலோஜினி,

மாமி எழுதுகிறேன். சுகமாயிருக்கிறாயா பிள்ளை? முழங்கால் பரவாயில்லை. எண்ணெய் நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

போனில் சொல்ல முடியாது. இந்த வீட்டில் நான் எங்கு நின்று கதைத்தாலும் அவர் காதில் விழும். அதுதான் எழுத்து.

கழுதை "வா" என்று வரவில்லை. உன் மாமாவும் இன்னும் மூன்று ஆம்பிளையளும் பழைய திருக்கை வலையைப் போட்டுத்தான் பிடித்தார்கள். பிடித்த அன்று தொடக்கம் முன்னங்கால் இரண்டும் சேர்த்துத் தளை போட்டபடி, தென்னையில் கட்டியிருக்கு. அவர் கெட்ட மனிசன் இல்லை. தண்ணீர் வைப்பார், புல்லு வைப்பார், பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கதை சொல்லுவார். ஆனால் அவிழ்த்தால் ஓடிவிடும், ஓடினால் கோயில் முன்னால் முகம் காட்ட ஏலாது என்ற பயம்.

அது புல்லை முகர்ந்துவிட்டு விடுகிறது. சாப்பாடு குறைவு. ஆனால் வயிறு மட்டும் வரவர இறங்குகிறது. எனக்கு ஒரு சந்தேகம். சொன்னால், "நீ கழுதை வளர்த்தனியோ?" என்பார்.

நான் எழுதினதாகச் சொல்லாதே.

மாமி,
அன்ரோனெற்

*

பேராதனை.
26.03.2025

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் நலம். அம்மா வெள்ளாங்குளத்திலிருந்து உங்களை விசாரித்து எழுதியிருந்தா.

மாமா, உங்கள் பன்னிரண்டாம் திகதிக் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன்.

பதினொன்று தரிசிக்க வரவில்லை. ஏழும் அதுவும் சோடி. செப்டெம்பரில் நாங்கள் பார்த்த நாளெல்லாம் ஒன்றை விட்டு ஒன்று நின்றதில்லை. துணையைப் பிரித்த கழுதை தீனியை விடும், சிலவேளை அதிலேயே நோயாகும். அவிழ்த்து விட்டிருந்தால் வேலிக்கு வெளியே நிற்கிற பதினொன்றிடம் அது போயிருக்கும். போகவில்லை என்றால் போக முடியவில்லை.

அடுத்தது வயிறு. புல் தின்று பருக்கிற கழுதைக்குக் கழுத்திலும் கொழுப்பு ஏறும். நீங்கள் வயிற்றை மட்டும்தான் சொல்கிறீர்கள். குட்டித்தாச்சியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கழுதைக்குக் குட்டி வயிற்றில் ஏறக்குறைய ஒரு வருசம் இருக்கும். பட்டி போட்ட நேரம் வயிறு தெரியவில்லை, நானும் கவனிக்கவில்லை. அது என் பிழை.

மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. அவர் வருமுன் நீங்களே மடியைப் பாருங்கோ, பெருத்திருக்கிறதா என்று. காலில் தளை இருந்தால் இன்றைக்கே வெட்டுங்கோ. குட்டித்தாச்சி என்றால் அதன் முதுகில் ஒருவரும் ஏறக்கூடாது. உடனே பதில் போடுங்கோ.

டிலோஜினி

*

பள்ளிமுனை.
09.04.2025

அன்பு மருமகள் டிலோஜினிக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் பிறகு. உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது, பவனி வேலை தலைக்கு மேல். இதைத் தபாலில் போட்டால் பொறுக்காது என்று கண்டி பஸ் கொண்டக்டர் சாஹுல் ஹமீட்டிடம் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளை, பள்ளிமுனையில் அற்புதம் நடந்திருக்கிறது!

மிருக வைத்தியரை நான் கூப்பிடவில்லை. டொக்டரின் மாமன் வீட்டில் இருக்க வேறு டொக்டர் எதற்கு? ஆனால் நீ சொன்னபடி மடியைப் பார்த்தேன். கிழமைக் கணக்காகப் பார்த்து வருகிறேன். பெருத்துத்தான் இருக்கிறது. அது தீனிப் பெருமை என்று விட்டுவிட்டேன். இன்று காலை பார்க்கிறேன், இரண்டு காம்பின் நுனியிலும் மெழுகு! பொய் சொல்லவில்லை. பீடத்து மெழுகுதிரி வடிந்து உறைந்தால் எப்படி இருக்கும், அப்படியே மஞ்சளாக, முத்துமுத்தாக. முதுகில் சிலுவை, மடியில் மெழுகு. இனி இதை என்னவென்று சொல்வது?

அயல் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவி செபமாலை சொன்னா. கிறகரியும் வந்தான். குனிந்து பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். என் வாழ்க்கையில் கிறகரி எனக்கு முன்னால் தொப்பி கழற்றியது இன்றைக்குத்தான்.

சனிக்கிழமை பின்னேரம் வளவில் ஒத்திகை. றெனால்ட் அங்கியோடு வந்து ஏறிப் பார்ப்பான். ஞாயிறு காலை பவனி. றெஜினா இரண்டு நாளாகத் தீனி தொடுவதில்லை. தவசு காலம் என்று அதற்கும் விளங்கிவிட்டது.

அன்பு மாமா,
லோறன்ஸ்

*

பேராதனை.
11.04.2025

மாமா,

சாஹுல் ஹமீட் அண்ணை நேற்றுப் பின்னேரம் கடிதம் தந்தார். அவரிடமே இதையும் கொடுக்கிறேன். மாமிக்குப் போன் எடுத்தேன், நீங்கள் கோயிலில் என்றா. அவவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் போனில் சொன்னதை நீங்கள் உங்கள் பாட்டுக்கு மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதியும் விடுகிறேன்.

அது மெழுகு இல்லை. முதற்பால். காம்பு நுனிக்கு வந்து உறைந்திருக்கிறது. குட்டி போட நாள் கிட்டிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இன்றோ நாளையோ நாளை மறுநாளோ.

தளையை வெட்டுங்கோ. தாய் திரும்பி நக்க முடியாவிட்டால் குட்டியின் மூக்கில் சவ்வு மூடியபடி கிடக்கும், மூச்சுத் திணறிச் சாகலாம். கால் கட்டியிருந்தால் தாயும் விழும். தென்னையிலிருந்தும் அவிழ்த்துவிடுங்கோ. ஆட்களை வளவுக்குள் விடாதேங்கோ. குட்டியைத் தொட வேண்டாம், கழுவ வேண்டாம். தள்ளி நின்று பாருங்கோ. தாய் படுத்து முக்கத் தொடங்கி நெடுநேரமாகியும் குட்டி வராவிட்டால் மட்டும், எந்த நேரமென்றாலும் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ. அவருடைய இலக்கத்தை மாமியின் போனில் போட்டுவிட்டேன்.

றெனால்ட் அண்ணை ஏறினால் தாயும் குட்டியும் இரண்டும் போகலாம்.

நீங்கள் சுவாமியிடம் கொடுத்த வாக்கு எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும் என்றும் தெரியும். நான் அங்கு இல்லை. இருந்தால் நானே அவிழ்த்திருப்பேன். இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது.

டிலோஜினி

*

பள்ளிமுனை.
16.04.2025

அன்பு மருமகள் டிலோஜினிக்கு,

மாமா எழுதுவது. நானும் மாமியும் சுகம். நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

மாமி போனில் இரண்டு வரி சொன்னதாகச் சொன்னாள். மிச்சத்தை நான் எழுத வேண்டும்.

வெள்ளி இரவு நீ போனில் சொன்னதை மாமி என்னிடம் சொன்னாள். நான், "பிள்ளை கண்ணால காணேல்லைத்தானே" என்றுவிட்டுப் படுத்துவிட்டேன். சனிக்கிழமை பின்னேரம் சாஹுல் ஹமீட் பஸ்ஸை விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். அப்போது வளவு நிறைய ஆட்கள். றெனால்ட் வெள்ளை அங்கியும் சிவப்புச் சால்வையுமாக நிற்கிறான். ஏறுவதற்கு எங்கள் கதிரையைக் கொண்டுவந்து கழுதைக்குப் பக்கத்தில் வைத்தாகிவிட்டது. நான் உன் கடிதத்தைச் சேட்டுப் பையில் வைக்கப் போனேன். மாமி பறித்து அந்த இடத்திலேயே உடைத்துப் படித்தாள். சத்தமாகப் படிக்கவில்லை. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் படித்தேன்.

றெனால்ட் ஒரு காலைக் கதிரையில் வைத்துவிட்டான்.

"இறங்கு" என்றேன்.

"என்ன மாமா, கதிரை உடைஞ்சிடுமெண்டோ?"

"இறங்கடா. ஒருத்தரும் ஏறக்கூடாது. கழுதை குட்டித்தாச்சி."

றெனால்ட் காலை இறக்கினான். பிறகு கிறகரி தொடங்கினான். "அப்ப அண்டைக்கு நான் தொப்பி கழட்டினது மடிப்பாலுக்கோ?" என்றான். சிரிப்பு எழும்பியது. அதோடு விட்டானா? "உம்மட மருமகள் கழுதை டொக்டரெண்டீர். அவவும் கண்டுபிடிக்கேல்லையோ?"

வேறு நேரமென்றால் இதற்கு என்னிடம் பத்துப் பதில் இருக்கும். அன்றைக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "அவ போன மாதமே எழுதினவ. நான்தான் கேக்கேல்லை" என்றேன். பிறகு எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். கிறகரி படலையடியில் நின்று, "அப்ப நாளைக்கு லான்ட்மாஸ்ரருக்கு டீசல் அடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தளையை நான்தான் வெட்டினேன். முன்னங்கால் இரண்டிலும் கயிறு தோலைத் தின்று சதைக்குள் இறங்கியிருந்தது. அவிழ்த்துவிட்டிருக்கிறேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். வெட்டிய பிறகும் அது நடக்கவில்லை. கால் சேர்ந்தே இருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, கன நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு காலைத் தூக்கி வைத்தது. பிறகு மற்றக் காலை. கிணற்றடிவரை போய் மண்ணில் விழுந்து புரண்டது. நான் பயந்துவிட்டேன், விழுந்துவிட்டது என்று. மாமிதான், "அது சுகத்துக்குப் புரளுது, நில்லுங்கோ" என்றாள்.

சுவாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "வேதாகமத்திலயும் குட்டியோட நிண்ட கழுதையைத்தானே அவிழ்த்தவை, லோறன்ஸ். நீங்கள் வீட்டில நில்லுங்கோ" என்றார். ஐம்பத்தெட்டு வயதுக்கு, குருத்தோலைப் பவனிக்குப் போகாமல் நின்றது இதுதான் முதல் தடவை.

ஞாயிறு விடிந்து கோயில் மணி அடித்த பிறகு படுத்தது. நானும் மாமியும் குசினிச் சுவருக்குப் பின்னால் நின்றோம். பவனி எங்கள் ஒழுங்கையால்தான் போனது. நான் முன்னதாகவே படலையில் நின்று, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். ஓசன்னாவை மெதுவாகப் பாடிக்கொண்டு போனார்கள். லான்ட்மாஸ்ரரைக் கிறகரி சந்தியிலேயே நிறுத்திவிட்டானாம். றெனால்ட் நடந்துதான் வந்தான். கிறகரியும் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

குட்டி முன்னங்கால் இரண்டும் தலையுமாக வந்தது. மூக்கில் சவ்வு மூடியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. மாமி என் சேட்டைப் பிடித்து வைத்திருந்தாள். தாய் எழும்பித் திரும்பி நக்கியது. சவ்வு போனது. குட்டி தும்மியது. அது எழும்ப முயன்று விழுந்தது, எழும்பியது, விழுந்தது. கால் முழுக்க முழங்கால்தான், உடம்பு கொஞ்சம். எழும்பி நின்று பாலுக்கு முதலில் தென்னையைத்தான் முட்டியது. பிறகு தாயின் நெஞ்சை. கடைசியில் சரியான இடத்தைக் கண்டுபிடித்தது. மாமி அழுதாள். நான் அழவில்லை. கண்ணில் தூசு. இதை நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

புதுவருச விடுமுறை முடிந்து நேற்று மிருக வைத்தியர் வந்தார். இளம் பெண், கீர்த்திகா என்று பெயர். நான் ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லவில்லை. கால் புண்ணைக் கழுவி மருந்து போட்டு, தழும்பு இருக்கும், ஆனால் நொண்டாது என்றா. குட்டி பெட்டை. பால் நன்றாகக் குடிக்கிறது. "கூட்டத்தோட விடலாமோ?" என்று கேட்டேன். விடலாம் என்றா.

நேற்றுப் பின்னேரம் பதினொன்று வழக்கம்போல வேலிக்கு வந்தது. பனைமட்டை வேலியில் ஒரு அடைப்பைப் பிரித்தேன். றெனால்டும் வந்து கைகொடுத்தான். உபவாசம் பிடித்தானாம், கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறான்.

பிறகு கடைத் தெருவில் கிறகரி கேட்டான், "ரெண்டு மாதம் கதை சொல்லி வளர்த்தீரே, போகேக்க உம்மைத் திரும்பிப் பாத்ததோ?" என்று. மூன்று தரம் நின்று தலை குனிந்து விடைபெற்றது என்று சொல்லிவிட்டேன். நின்ற ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நீ விடுமுறையில் வரும்போது அதை மறுத்துப் பேசாதே.

உனக்கு எழுதவேண்டியது இது. வேலியைத் திறந்தேன். ஏழு வெளியே போய்ப் பதினொன்றின் கழுத்தில் கழுத்தை வைத்து நின்றது. பிறகு குட்டியை நடுவில் விட்டு இரண்டும் தண்ணீர்ப் பக்கம் நடந்தன. திரும்பிப் பார்க்கவில்லை.

பாஸ்காவுக்கு முன் இது உன் கைக்கு வந்து சேரட்டும். மாமி உன்னை முத்தமிடுகிறாள்.

லோறன்ஸ் மாமா